எட்டு மனை தள்ளி அடுத்த வீடு

ஹில்லேயின் கையைப் பார்க்காமல் தொட்டால் யாரோ கொத்தனாரின் கை என்றுதான் நினைப்பீர்கள். பழைய செங்கல்லில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையைத் தட்டி உதிர்ப்பது அவள் தொழில். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடியில் சாக்கை விரித்து, வலக்கையில் சின்னச் சுத்தியலும் இடக்கையில் கல்லுமாக வேலையைத் தொடங்குவாள். நாலு பக்கமும் தட்டி, தூசியை ஊதி, அடுக்கில் வைப்பாள். கணவன் சீவெர்ட் வீட்டைப் பிரிப்பான், அவள் கல்லைச் சுத்தம் செய்வாள், படகுக்காரர்கள் வந்து ஏற்றிப்போவார்கள். அதைக் கொண்டு ஆம்ஸ்டர்டாமில் எவனாவது வீடு கட்டிக்கொள்வான். எங்கள் ஊர் என்க்ஹௌசன், வாழ்ந்த காலத்தில் ஹெரிங் மீனை விற்றது, நொடித்த காலத்தில் தன் வீடுகளையே பிரித்து விற்றது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறவள் ஹில்லே.

ஊர் பெருத்துக்கொண்டே போகும் என்று நம்பித்தான் முன்னோர்கள் மதிலைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். மதிலுக்குள் கால்வாய் வெட்டி, தெருவுக்குக் கோடு போட்டு, தோளோடு தோள் ஒட்டி வீடுகளை எழுப்பினார்கள். பிறகு மீன் குறைந்தது. துறைமுகத்தில் மணல் சேர்ந்தது. பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்த் திரும்பவில்லை. பருத்த காலத்தில் தைத்த சட்டை நோயில் இளைத்தவன் மேல் தொங்குவதுபோல் மதில் அப்படியே நின்றது, ஊர் உள்ளே சுருங்கியது. மேற்கே மதிலில் இருக்கும் மாட்டு வாசல் பக்கம்தான் முதலில் காலியானது. வீடு போன இடத்தில் முதலில் முட்டைக்கோஸ் போட்டார்கள். அப்புறம் அதற்கும் ஆள் இல்லாமல் புல் முளைத்தது. காலையில் வெளியே போய் மாலையில் திரும்ப வேண்டிய மாடுகள், உள்ளேயே புல் கிடைக்கும்போது எதற்கு வாசல் தாண்ட வேண்டும் என்று ஊருக்குள்ளேயே குடியேறிவிட்டன. அவற்றைக் குறை சொல்ல முடியாது.

ஹில்லே பிறந்தது வலைக்காரர் தெருவில். வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில்தான். சீவெர்டின் அப்பா வீடு கட்டுகிற கொத்தனார். மகன் தலையெடுத்தபோது கட்டச் சொல்ல ஆளில்லை, பிரிக்கச் சொல்லத்தான் ஆள் வந்தது. வந்த வேலையைச் செய்தான். தானாக எந்த வீட்டிலும் அவன் கை வைத்ததில்லை. வீட்டுக்காரர்களே வந்து கூப்பிடுவார்கள், நகர மன்றத்தின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு. கூப்பிட்டவர்களே பிற்பாடு அவனை ஊரைத் தின்றவன் என்று ஏசினார்கள். அந்த அநியாயத்தை அவன் பைப் புகையோடு ஊதிவிட்டான். ஹில்லேயால் முடியவில்லை. அவளுக்கு வாய் நீளம்.

"அந்தப் புண்ணியவானைக் கடைசியில கல்லு வண்டியிலதான் ஏத்திக்கிட்டுப் போவாங்க, பாத்துக்கிட்டே இரு" என்று மீன் சந்தையில் ஒருத்தி சொன்னாள்.

"ஏத்தட்டுமே. உன்னை ஏத்தணும்னா ரெண்டு வண்டி வேணுமே, அதுக்கு என்ன பண்ணுவே?" என்று ஹில்லே திருப்பிக் கொடுத்தாள். சந்தை சிரித்தது. ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. எங்கள் ஊரில் செத்தவனை அக்கம்பக்கத்தார் தோளில் தூக்கிப் போவார்கள். தூக்க ஆளில்லாதவனுக்குத்தான் ஏழை விடுதியின் தள்ளுவண்டி வரும். அந்த வண்டியில் போவதைவிடக் கேவலம் எங்களுக்கு வேறு கிடையாது. ஹில்லேயின் ஒரே மகன் கிழக்கிந்தியக் கப்பலில் போய்த் திரும்பாதவன். தோள் கொடுக்க அவளுக்கு இருந்ததெல்லாம் தெருவாசிகள் மட்டும்தான்.

தெருவோ வருஷத்துக்கு வருஷம் குட்டையானது. ஹில்லேயின் வீட்டுக்கு வலப்பக்கம் ஒட்டியிருந்த எட்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சீவெர்ட் பிரித்தான், ஹில்லே தட்டினாள். எட்டாவது வீட்டைப் பிரித்தபோதுதான் மாக்டெல்டோடு வில்லங்கம் வந்தது.

மாக்டெல்ட், பீப்பாய்க்காரரின் விதவை. ஹில்லேயைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கோழி வளர்ப்பாள், இடுப்பு சரியில்லாததால் சாய்ந்து சாய்ந்து நடப்பாள், மனதில் பட்டதை மறைக்கமாட்டாள். எட்டாவது வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் பொது. எட்டாவது வீடு போனதும் அந்தச் சுவர் வெட்டவெளியில் நின்றது. உள்சுவருக்குப் போட்ட மிருதுவான கல் அது, கடல் மழைக்குத் தாங்காது. மேலே தார் பூசிய பலகை அடித்துத் தருவதாகச் சீவெர்ட் வாக்குக் கொடுத்தான். வசந்தத்தில் அடிக்கிறேன் என்றான். வசந்தம் வந்தது, போனது. அவன் கெட்டவன் இல்லை. மறதிக்காரன், அதோடு சோம்பல். இரண்டும் சேர்ந்தால் கெட்டவனைவிட மோசம் என்பேன் நான்.

இரண்டாவது மழைக்காலத்தில் மாக்டெல்ட், ஹில்லே கல் தட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏ ஹில்லே, உம் புருசன் பலகை அடிச்சுத் தாரேன்னு சொல்லி எத்தனை நாளாச்சு? சொவத்துக்குள்ள நான் படுக்கிற அலமாரி நனைஞ்சு நாறுது. சொவத்துல கை வச்சா தண்ணி ஒட்டுதுடி."

ஹில்லே வேலையை நிறுத்தவில்லை. சுற்றிலும் படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆள் கூடினால் அவள் நாக்குக்குத் தனிக் குஷி.

"சொவரு உங்களுது, மழை கடவுளோடது. நடுவுல நாங்க என்னக்கா பண்ண?"

படகுக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள். மாக்டெல்ட் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாய்ந்து சாய்ந்து போய்விட்டாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. எதிரே வந்தால் ஒருத்தி கால்வாயைப் பார்ப்பாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள்.

அந்த எட்டு மனையையும் ஔட்கெர் என்ற மாட்டுக்காரன் எடுத்துக்கொண்டான். நல்லவன், அதிகம் பேசாதவன். மனைகளின் பின்பக்கம், ஹில்லேயின் கொல்லைக்கு அருகே தன் கொட்டகையையும் வீட்டையும் போட்டுக்கொண்டான். அவன் வீட்டு வாசல் பின்னாலிருக்கும் மதில் பாதையைப் பார்த்தது. ஆனாலும் ஹில்லேயின் சமையலறையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். மோர்க்கஞ்சிக்கு மோர், குளிர்காலத்தில் எரிக்கக் கரிமண் கட்டி என்று எது தீர்ந்தாலும் அங்கேதான் ஓடுவாள்.

ஓர் இலையுதிர் காலத்து நடுப்பகல். சீவெர்ட் கஞ்சியைக் குடித்துவிட்டு மரச்செருப்பை மாட்டக் குனிந்தவன், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். "நெஞ்சு பிடிக்குது ஹில்லே" என்றான். அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் ஔட்கெர் வேலி தாண்டி ஓடிவந்து, உடம்பைத் தூக்கி உள்ளே கிடத்தினான்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்கக்கா" என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கூடவே இருந்து எல்லாத்தையும் பாத்துக்கப்பா. பக்கத்துல வேற யாரு இருக்கா எனக்கு?" என்றாள் ஹில்லே.

அந்த ஒரு வார்த்தையில் அவள் செய்த தப்பு, அதைச் சொல்லும்போது அவளுக்கே தெரியாது. ஔட்கெரின் மனைவி வந்து உடம்பைக் கழுவினாள். பலகணிகளைச் சாத்தினாள். அதற்குள் பால்காரி மூலம் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

இழவு சொல்லும் ரைன்டெர் கறுப்பு அங்கியும், துணி தொங்கும் தொப்பியுமாக வந்து சேர்ந்தார். ஊரில் சாவு விழுந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், ஊர்வலத்தை முன்னால் நின்று நடத்துவதும் அவர் வேலை. துக்கம் விசாரித்துவிட்டுக் கேட்டார்:

"அடுத்த வீட்டுக்குச் சொல்லியாச்சில்ல?"

"ஔட்கெர்தான் வந்ததுலேருந்து இங்கயே இருக்கானே."

ரைன்டெர் தொண்டையைச் செருமினார். "ஔட்கெர் நல்ல பையன்தான். ஆனா அவன் வாசல் நம்ம தெருவுல இல்லையேம்மா. வலப்பக்கம் உங்க வாசலுக்கு அடுத்த வாசல் யாரோடது?"

ஹில்லே எழுந்து போய்ச் சாத்தியிருந்த பலகணியைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். புல். அதற்கப்பால் புல். ஒரு கறுப்பு வெள்ளைப் பசு. அதற்கும் அப்பால், தனியாக நிற்கும் மாக்டெல்டின் வீடு.

"அது எட்டு மனை தள்ளியில்ல இருக்கு?" என்றாள், குரல் இறங்கி.

"மனைக்கணக்கு இல்ல ஹில்லே, வாசக்கணக்கு. நடுவுல இருந்த வாசலையெல்லாம் எடுத்தது யாரு?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. முறையைச் சொன்னார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் வீட்டில் உயிர் போனால் முதல் சேதி வலப்பக்கத்து அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டுக்காரிதான் வந்து உடம்பைக் கழுவவேண்டும், பலகணியைச் சாத்தவேண்டும். எடுக்கிற அன்று பாடையருகே நின்று "தூக்குங்க" என்று சொல்லவேண்டியவளும் அவள்தான். அவள் சொல்லாமல் தெருவில் ஒருத்தன் தோள் கொடுக்கமாட்டான். மதித்துச் சொல்லாமல் விட்டுப்போன வீட்டை மீறித் தூக்கினால், நாளைக்குத் தன் சாவுக்கு எவன் வருவான் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

ஹில்லே மறந்துதான் போனாளா, மறந்ததுபோல் இருந்துகொண்டாளா? எட்டு மனையளவு புல் நடுவில் கிடக்கும்போது கண்ணுக்கு அது அடுத்த வீடாகத் தெரியவில்லை என்பது நிஜம். தெரியாமல் போனது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது என்பதும் நிஜம்தான்.

அன்றே போனாள். அவசரத்தில் ஔட்கெரின் மேய்ச்சல் வழியாகவே குறுக்கே நடந்து, சகதி ஒட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மாக்டெல்டின் வீட்டுக்குள் நுழைந்தாள். மாக்டெல்ட் கால் சூடாக்கும் கணப்புப் பெட்டியின் மேல் பாதங்களை வைத்துக்கொண்டு காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, சீவெர்ட் போயிட்டாரு."

"பால்காரி சொன்னா."

"வந்து சொல்லணும்னுதான்..."

"பால்காரி சொன்னான்னு சொன்னேன்ல. அவளுக்குத் தெரிஞ்சு, மீன்காரனுக்குத் தெரிஞ்சு, அந்த மாட்டுக்காரன் பொண்டாட்டி வந்து உடம்பக் கழுவி முடிச்சதுக்கு அப்புறம் எனக்குச் சொல்ல வந்திருக்கே. ஏண்டி, நடுவுல வீடு இல்லேன்னா நான் பக்கத்து வீடு இல்லையா?"

ஹில்லே தலையைக் குனிந்தாள். அது வழக்கமாக நடக்கிற காரியம் அல்ல.

"இங்க வா" என்றாள் மாக்டெல்ட். எழுந்து, சுவரோடு பதித்த படுக்கை அலமாரியின் கதவைத் திறந்தாள். குப்பென்று பூஞ்சை வாடை. உள்சுவரில் பச்சைப் பாசி, அது படாதபடி படுக்கை பாதி சுருட்டித் தள்ளி வைத்திருந்தது. "இதுலதான் படுக்கிறேன். மழை பேஞ்சா இந்த ஓரத்துல ஒண்டிக்குவேன். ராத்திரி இருமுறேன்ல, சத்தம் உங்க வீடு வரைக்கும் கேக்காது. எட்டு மனை தள்ளியில்ல இருக்கு."

ஹில்லே சுவரில் கை வைத்துப் பார்த்தாள். கல் தெரிந்தவள் அவள். ஒரு அழுத்து அழுத்தியதும் காரை ஈரமாவாக விரலோடு வந்தது. அவமானத்தில் காது சுட்டது. ஏதாவது செய்தாகவேண்டும் என்று தோன்றியது. தோன்றியதை உடனே சொல்லிவிடுவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி.

"நான் பலகை அடிச்சுத் தாரேங்கா. நாளைக்கே ஆள் விடுறேன். நல்ல கல்லும் கெடக்கு, வெளிப்பக்கம் ஒரு வரிசை புதுசாவே வச்சுத் தரச் சொல்றேன். நீங்க அன்னைக்கு வந்து ஒரு வார்த்தை மட்டும்..."

மாக்டெல்ட் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"பொணம் எடுக்குறதுக்குக் கூலி பேச வந்தியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா..."

"வேற எப்படிச் சொன்னே? கல்லு குடுத்தா வருவா, குடுக்காட்டி வரமாட்டா. அப்படித்தானே என்னை நெனச்சே? போடி. போய் உன் வீட்டுல ஆக வேண்டியதப் பாரு."

"வருவீங்களா, மாட்டீங்களா? அதையாச்சும் சொல்லுங்க."

மாக்டெல்ட் காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். மறுபடி பின்ன ஆரம்பித்தாள். ஹில்லே வெளியே வந்து மேய்ச்சலில் நடந்தாள். கண்ணீர் வரவில்லை. சீவெர்ட் மேல் கோபம்தான் வந்தது. ஒரு நாள் வேலைதானே, நாலு பலகையும் ஒரு வாளித் தாரும், அதைச் செய்துவிட்டுச் செத்திருக்கக் கூடாதா என்று போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் இனிமேல் திரும்பிச் சிரிக்கமாட்டான் என்பதும் உறைத்தது.

எடுக்கிற நாள் காலையில் காற்று கடலிலிருந்து விசிறி அடித்தது. தெருவில் எஞ்சியிருந்த வீடுகளிலிருந்து ஆண்கள் வந்தார்கள். எட்டுப் பேர் வேண்டும், எட்டுப் பேர் இருந்தார்கள். ஏசினவர்களும் இருந்தார்கள். செத்தவனோடு என்ன சண்டை? ஹில்லே அவர்களுக்குப் பியரும், ரொட்டியில் சீஸும் வைத்துக் கொடுத்தாள். குடித்தார்கள், தின்றார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு பாடையின் இருபுறமும் போய் நின்றார்கள். நின்றதோடு சரி. கை எதுவும் நீளவில்லை.

மேற்குத் தேவாலயத்தில் மணி அடித்து ஓய்ந்தது. ரைன்டெர் தெருவை எட்டிப் பார்த்தார், மீண்டும் பார்த்தார்.

"என்ன பெரியவரே, கெளம்பலாமா?" என்றான் ஒருத்தன்.

"சொல்ல வேண்டியவங்க சொல்லணுமில்ல."

"நான் வேணா சொல்லட்டுமா? நானும் பக்கத்துலதான் இருக்கேன்" என்றான் ஔட்கெர். எட்டுப் பேரும் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ரைன்டெர் ஹில்லேயின் அருகே வந்து, பிறர் காதில் விழாதபடி சொன்னார்: "பாதிரியார் காத்திருக்காரும்மா. இன்னும் தாமதமானா விடுதி வண்டிக்குத்தான் ஆள் அனுப்பணும். எனக்கும் மனசு வரல. வேற வழி தெரியல."

சீவெர்ட் வண்டியில் போவதை ஹில்லேயின் கண் அப்போதே பார்த்துவிட்டது. கல் ஏற்றுகிற வண்டிபோலவே சக்கரம் கிறீச்சிட, மூடிய துணி காற்றில் தூக்க, சந்தை வழியாக. இப்போது போய் மாக்டெல்டின் காலில் விழலாமா என்று யோசித்தாள். விழத் தயாராகவே இருந்தாள். வாசலுக்கு வந்து புல்வெளிப் பக்கம் பார்த்தாள். பசு மட்டும் நின்றது. மாக்டெல்டின் வாசல் சாத்தியிருந்தது.

"அதோ" என்றான் கடைசியில் நின்றவன்.

அவன் காட்டியது புல்வெளியை அல்ல, தெருவை. எட்டு வீடுகள் போனபின் யாரும் நடக்காமல் கிடந்த தெரு அது. கல் பாவியது அப்படியே இருந்தது, இடுக்கெல்லாம் களை முளைத்து முழங்காலுக்கு வந்திருந்தது. கால்வாயை ஒட்டி வளைந்து வருகிற அந்த வழியில் மாக்டெல்ட் வந்துகொண்டிருந்தாள். கறுப்பு அங்கி, கஞ்சி போட்ட வெள்ளைத் தலைத்துணி, கையில் தடி. பத்தடி நடப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், களையைத் தடியால் விலக்குவாள், நடப்பாள். இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது. ஔட்கெர் தாங்கிப் பிடிக்க ஓடப் பார்த்தான். தடியை ஆட்டி அவனை நிறுத்திவிட்டாள். அவள் வந்து சேரும்வரை எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"என்னங்கக்கா, புல்லு வழியா வந்திருந்தா எப்பவோ வந்திருக்கலாமே" என்றான் ஔட்கெர், ஏதாவது சொல்லவேண்டும் என்று.

"பக்கத்து வீட்டுக்கு எவளாச்சும் மாட்டு மேய்ச்சல் வழியாப் போவாளாய்யா? தெரு இருக்குல்ல?" என்று மூச்சிரைக்கச் சொன்னாள் மாக்டெல்ட்.

பிறகு ஹில்லே பக்கம் திரும்பினாள். முகத்தில் இளக்கம் ஏதுமில்லை.

"சொவரு பாக்கி இருக்கு. அதை நான் விடப்போறதில்ல. நாளைக்கு வருவேன், சண்டை போடுவேன், தயாரா இரு."

"வாங்கக்கா" என்றாள் ஹில்லே.

மாக்டெல்ட் பாடையின் தலைமாட்டில் போய் நின்றாள். சவப்பெட்டியை மூடியிருந்த கறுப்புத் துணியில் ஒரு மடிப்பு இருந்தது, அதைக் கையால் நீவிச் சரிசெய்தாள். எட்டுப் பேரையும் பார்த்துத் தலையசைத்தாள்.

"தூக்குங்கய்யா."

எட்டுத் தோள்களில் சீவெர்ட் எழுந்தான். ஹில்லே அப்போதுதான் அழுதாள். உயிர் போன அன்று வராத அழுகை, வாய்விட்டு, தெருவே கேட்க வந்தது. விதவைக்குத் துணையாக நடக்கவேண்டியது அடுத்த வீட்டுக்காரிதான். மாக்டெல்ட் அவள் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள்.

"மெதுவா நட" என்றாள். "எனக்கு இடுப்பு வலிக்குது."